டிஸ்சார்ஜும் குடிபுகுதலும்

மருத்துவமனையிலிருந்து ஒருவரை அனுப்புவதைக் குறிக்கும் ‘டிஸ்சார்ஜ்’ என்ற சொல்லின் வேரில் இருப்பது வண்டிச் சுமையை இறக்குதல். இங்கிலாந்தில் வின்டர்போர்ன் வியூ மருத்துவமனையில் நோயாளிகளுக்கு ஊழியர்கள் இழைத்த கொடுமைகள் 2011இல் அம்பலமானபின், அறிவுசார் குறைபாடுடையோரைத் தேவையின்றி மருத்துவமனைகளில் வைத்திருக்காமல், 2014 ஜூனுக்குள் ஊருக்குள் வாழவைப்பதாக அரசு உறுதியளித்தது; ஆனால் கெடு தவறியது. மனிதரைச் சுமையாக எண்ணினால் இறக்கிவைக்க இடம் கிடைப்பதில்லை. நம்மிடம் ‘குடி’ என்ற சொல் இருக்கிறது: வீடு, குடும்பம், ஊர் எல்லாம் அதனுள் அடக்கம். காரைக்குடியில் அது ஊர். குடிக்கூலியில் வாடகை வீடு. குடிமகனில் இன்று உரிமை. அக்காவைத் தனிக்குடித்தனம் வைத்த அன்று அம்மா உப்பும் அரிசியும் வைத்து, பால் காய்ச்சி, பக்கத்து வீட்டுக்கும் ஒரு டம்ளர் கொடுத்தாள். சாவி, அடுப்பு, அண்டைவீடு மூன்றும் சேர்ந்தால்தான் குடி. ‘குடிவைத்தல்’ பிறர் செய்வது. ‘குடிபுகுதல்’ தாமே செய்வது. மருத்துவமனையிலிருந்து ஊருக்குள் வாழ வருவோருக்கு உரிய சொல் குடிபுகுதலே.