வன்னிக் குளங்களும் பராமரிப்பு உழைப்பும்

வன்னிக் குளங்களின் அழிவைப் போராலும் காய்ச்சலாலும் விளக்குவோர், உழைப்புறவின் மாற்றத்தைக் கருத்திற் கொள்வதில்லை. மண்ணாலான குளக்கட்டு ஆண்டுதோறும் மனித உழைப்பை வேண்டி நிற்பது. கட்டில் வளரும் மரங்களை வெட்டாவிடின் வேர்வழியே நீர் கசியும். துருசு தூர்ந்தால் வயல் காயும். வான் பழுதுற்றால் வெள்ளம் கட்டையே உடைக்கும். இப்பணியைக் கிராம வழமை வயற்பங்கிற்கேற்ப வகுத்திருந்தது.

1832இல் பிரித்தானிய அரசு இராசகாரியத்தை ஒழித்தது. கட்டாய ஊழியத்தின் ஒழிப்பு முற்போக்கானதே. ஆயினும் கூலியுழைப்பை நாடிய அவ்வரசு, குளப்பணிக்கு மாற்று ஏற்பாடு எதனையும் செய்யவில்லை. 1856ஆம் ஆண்டின் நீர்ப்பாசனச் சட்டம் பழைய வழமைக்குச் சட்டவலு அளிக்க முற்பட்டமை, இவ்வெற்றிடத்தை அரசே ஏற்றுக்கொண்டமைக்குச் சான்றாகும். 1900இல் நீர்ப்பாசனத் திணைக்களம் தோன்றியது. இரணைமடு போன்ற பெருங்குளங்கள் அரசின் பொறுப்பாயின; சிறுகுளங்களைப் பேணும் உழைப்புப் பெரிதும் கமக்காரரையே சார்ந்திருந்தது.

2009 ஜனவரியில் கிளிநொச்சி நீர்த்தாங்கி சரிந்து கிடந்ததை உலகம் கண்டது. மக்கள் இடம்பெயர்ந்தமையால் காடேறிய குளக்கட்டுகளை அது காணவில்லை. கட்டை உயர்த்துவதோடு புனரமைப்பு நிறைவுறாது. அதனை ஆண்டுதோறும் பேணும் கமக்காரருக்கு நீர்ப்பங்கீட்டைத் தீர்மானிக்கும் உரிமையும் வேண்டும்.