வாளையார் தாண்டினால் வேறு கணக்கு

நம்ம பசங்க ஸ்போர்ட்ஸ் கார்னு ஆரம்பிச்சா அடுத்த வார்த்தை காய்லோவர்தான். ஷாக் அப்சார்பரும் அதைச் சுத்தின சுருள் ஸ்பிரிங்கும் ஒரே அமைப்பா வரும்; காரின் உயரத்தை ஏத்தி இறக்கலாம். இறக்கினா சக்கரத்தின் சாய்மானம் மாறும். அதைச் சரிபண்ணத்தான் அட்ஜஸ்டபிள் ஆர்ம்.

காரைப் பிரிச்சு மேயுற வித்தை நம்ம பக்கத்துக்குப் புதுசில்லைங்க. பாலக்காட்டிலிருந்து வாளையார் தாண்டினா கோவை. அங்கே எஸ். கரிவர்தன் மாருதி 800 இன்ஜினை வெச்சு ஃபார்முலா மாருதி பந்தயக் காரையே உருவாக்கினார். 1995ல் சிறு விமான விபத்தில் இறந்துட்டார். 2003ல் செட்டிப்பாளையத்தில் திறந்த பந்தயத் தடத்துக்கு அவர் பேர்தான்.

தடம் வேற, ரோடு வேற. 1988ம் வருஷ மோட்டார் வாகனச் சட்டத்தின் 52வது பிரிவு, வண்டியைத் தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு முரணா மாத்தக்கூடாதுன்னு சொல்லுது. கேரள ஹைகோர்ட் மாநில விதிகளைக் காட்டிக் கொஞ்சம் தளர்த்தி இருந்தது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் அதை ரத்து செஞ்சது. விதி சட்டத்துக்கு அடங்கினதுன்னு தீர்ப்பு.

தேஞ்ச ஷாக்குக்குப் பதில் அதே ரகம் போடலாம், தப்பில்லை. அமைப்பையே மாத்தறதுன்னா ஆர்.டி.ஓ.வையும் இன்ஷூரன்ஸ் கம்பெனியையும் முதல்ல எழுத்தில் கேளுங்க. பேங்க்காரன் புத்தி, காகிதம்தான் பேசும்! போடிமெட்டு ஏறி இடுக்கிக்குள் போற மலை ரோட்டுக்கு, தாழ்த்தின காரைவிட அடிதட்டாத காரே மேல். பசங்க கிட்ட சொல்லிப் பாருங்க.