மாறுவேடப் போட்டிக்கு வீட்டிலேயே புலி வேடம்: பழைய சட்டையும் அட்டைப்பெட்டியும் போதும்

பள்ளியிலோ பாலர் பள்ளியிலோ மாறுவேடப் போட்டி என்று கடிதம் வந்தால் பிள்ளைக்குக் கொண்டாட்டம், பெற்றோருக்குக் கவலை. கடையில் விலங்கு உடை வாங்கினால் ஒரு நாள் கூத்துக்கு அத்தனை வெள்ளியா என்று தோன்றும். வாடகைக்கு எடுக்கலாம் என்றால் லாயாங் லாயாங் போன்ற சிறு பட்டணத்திலிருந்து குளுவாங்குக்கோ கூலாய்க்கோ போய்வர வேண்டும். "அடுத்த வருஷம் பார்ப்போம்" என்று சொல்லிப் பிள்ளையைப் பார்வையாளர் வரிசையில் உட்கார வைத்துவிடுகிறோம். அது தேவையில்லை. நல்ல விலங்கு வேடத்தை வீட்டில் உள்ள பொருள்களைக் கொண்டே இரண்டு மாலைப் பொழுதில் செய்துவிடலாம்.

விலங்கு வேடம் நமக்குப் புதிதும் அல்ல. தமிழ்நாட்டில் புலியாட்டம், மயிலாட்டம், கரடியாட்டம், காளையாட்டம், பொய்க்கால் குதிரை எல்லாம் கோயில் திருவிழாக்களில் ஆடப்படும் கலைகள். கேரளத்தின் திருச்சூரில் ஓணத்தின்போது புலிக்களி நடக்கிறது. இவற்றில் பெரும்பாலான வேடங்கள் துணி, காகிதம், மூங்கில், வண்ணம் கொண்டு கையால் செய்யப்பட்டவையே.

எந்த விலங்கு?

ஜொகூர் பிள்ளைக்குப் புலி பொருத்தமானது. நாட்டின் சின்னத்திலும் ஜொகூர் மாநிலச் சின்னத்திலும் இரண்டு புலிகள் நிற்கின்றன. ஜொகூர் காற்பந்துக் குழுவுக்கும் 'ஹரிமாவ் செலாத்தான்', அதாவது தென்னகப் புலிகள் என்றுதான் பெயர். நடுவர் பார்த்தவுடன் அடையாளம் கண்டுகொள்வார்.

தேவையான பொருள்கள்

வெள்ளை அல்லது மஞ்சள் பருத்திச் சட்டையும் காற்சட்டையும், பழைய கறுப்புத் துணி, வெள்ளைத் துணித் துண்டு, பழைய நீளக் காலுறை, அட்டைப்பெட்டி, தலைப்பட்டை, எலாஸ்டிக், ஊசி நூல், பசை.

செய்முறை

1. சட்டை: மஞ்சள் சட்டை இல்லையென்றால் வெள்ளைப் பருத்திச் சட்டைக்குச் சமையல் மஞ்சளிலேயே சாயம் ஏற்றலாம். கொதிநீரில் மூன்று மேசைக்கரண்டி மஞ்சள் தூளைக் கரைத்து, நனைத்த சட்டையை அரை மணி நேரம் ஊறவைத்து, அலசி நிழலில் காய வையுங்கள். மஞ்சள் சாயம் வெயிலில் மங்கும். ஒரு நாள் வேடத்துக்கு அது குறையில்லை. மற்றத் துணிகளோடு சேர்த்துத் துவைக்க வேண்டாம். சட்டை உடம்பைப் பிடிக்காமல் ஓர் அளவு பெரிதாக இருக்கட்டும்.

2. கோடுகள்: வேடம் எடுபடுவதும் கெடுவதும் இதில்தான். ஒரே அகலத்தில் வளையம் வளையமாக ஒட்டினால் பிள்ளை வரிக்குதிரை ஆகிவிடும். நடுவில் இரண்டு விரல் அகலமும் முனையில் கூர்மையுமாகக் கறுப்புத் துணியை வெட்டுங்கள். முதுகுத்தண்டிலிருந்து இரு பக்கமும் இறங்குவதுபோல் வைத்துத் தையுங்கள். வயிற்றுப் பகுதியில் முட்டை வடிவில் வெள்ளைத் துணி வையுங்கள்.

3. வால்: காலுறையில் கிழிந்த துணித் துண்டுகளை அடைத்துக் கறுப்புக் கோடு சுற்றுங்கள். வாலைச் சட்டையில் தைத்தால் யாராவது இழுக்கும்போது சட்டை கிழியும். இடுப்பு எலாஸ்டிக்கில் கட்டி, சட்டைக்குப் பின்னால் சிறு துளையிட்டு வெளியே எடுங்கள். வால் முழங்காலுக்குக் கீழே போக வேண்டாம். மேடைப் படியில் கால் தடுக்கும்.

4. காது: பூனைக் காதுபோல் கூராக வெட்டாதீர்கள். புலிக்கு வட்டக் காது. காதின் பின்புறம் கறுப்பு, நடுவில் ஒரு வெள்ளைப் பொட்டு. அட்டையில் வெட்டி, துணி ஒட்டி, தலைப்பட்டையில் பொருத்துங்கள்.

5. முகம்: முகமூடியைத் தவிர்ப்பது நல்லது. பார்வையை மறைக்கும், மூச்சும் முட்டும். கண்மையால் மூக்கு நுனியையும் மீசையையும் வரைந்தாலே போதும். முகவண்ணம் பூசுவதானால் முதல் நாளே மணிக்கட்டில் சிறிது தடவிப் பாருங்கள். அரிப்போ சிவப்போ வந்தால் விட்டுவிடுங்கள். வீட்டுச் சாயம், மார்க்கர் பேனா, பளபளப்புத் தூள் மூன்றும் பிள்ளை முகத்துக்கு ஆகாது.

வெயிலை மறக்க வேண்டாம்

கடையில் கிடைக்கும் உரோம உடைகள் பெரும்பாலும் பாலியெஸ்டர். வியர்வை ஆறாது. நம் ஊர் வெக்கையில் திறந்த மண்டபத்தில் ஒரு மணி நேரம் அதைப் போட்டிருந்தால் பிள்ளை சோர்ந்துவிடும். பருத்தி வேடம் மலிவு என்பதற்காக மட்டும் அல்ல, பாதுகாப்புக்காகவும் நல்லது. பெயர் அழைப்பதற்குச் சற்று முன்பு போட்டுவிட்டு, மேடையிலிருந்து இறங்கியதும் கழற்றுங்கள். கழிப்பறைக்குப் போக எளிதாக முதுகில் ஒட்டுப்பட்டை வையுங்கள். தலைவலி, மயக்கம், குமட்டல் என்று பிள்ளை சொன்னால் உடனே உடையைத் தளர்த்தி, நிழலில் படுக்கவைத்து, ஈரத்துணியால் துடைத்து, சிறுகச் சிறுகத் தண்ணீர் கொடுங்கள். நினைவு தடுமாறினால் தண்ணீர் புகட்டாமல் 999ஐ அழையுங்கள்.

நிகழ்ச்சியில் குத்துவிளக்கு ஏற்றுவார்கள். வாலும் பஞ்சும் தீயருகே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நேரமே இல்லையா?

முதல் நாள் இரவுதான் கடிதம் கண்ணில் பட்டதா? தாப்பிர் வேடம் போடுங்கள். மலாயில் தெனுக் என்பார்களே, அதுதான். கறுப்புச் சட்டை, கறுப்புக் காற்சட்டை, இடுப்பைச் சுற்றி அகலமான வெள்ளைத் துணி, மூக்குக்கு ஒரு குட்டையான அட்டைத் தும்பிக்கை. அவ்வளவுதான்.

நம் ஊர்ப் பெயரையே வேடமாக்கவும் வழி உண்டு. 'லாயாங் லாயாங்' என்றால் பட்டம் மட்டும் அல்ல, தகைவிலான் குருவிக்கும் மலாயில் அதே பெயர். கருநீலத் துணியில் இரண்டு சிறகு, பிளவுபட்ட வால், கழுத்தில் செம்பழுப்புத் துணி போதும். மின்கம்பியில் வரிசையாக உட்காரும் அந்தக் குருவியைப் பிள்ளைகள் பார்த்திருப்பார்கள்.

மேடையில் என்ன பேசுவது?

உறுமிவிட்டு இறங்கினால் கைத்தட்டல் கிடைக்கும். இரண்டு வரி பேசினால் சபை நினைவில் வைத்திருக்கும். 2016 முதல் 2020 வரை நடந்த தேசியக் கணக்கெடுப்பின்படி, நம் காடுகளில் எஞ்சியிருக்கும் மலாயாப் புலிகள் 150க்கும் குறைவு. "சின்னத்தில் நான் இருக்கிறேன். காட்டிலும் இருக்க விடுங்கள்" என்று ஒரு குட்டிப் புலி தமிழில் சொல்லட்டும். சட்டைக்கு என்ன விலை என்று அப்போது யாரும் கேட்க மாட்டார்கள்.