திருவில்லிபுத்தூர் அரண்மனையும் புதுக்குப்புறமும்

சோழர் காலக் கல்வெட்டுகளில் ‘புதுக்குப்புறம்’ என்றொரு சொல் பயில்கின்றது. கோயிலிற் சிதைந்த பகுதிகளைச் செப்பனிடுதற்கென விடப்பெற்ற நிலத்தை அது குறிக்கும். ஏரியைக் காத்தற்கு விட்ட நிலம் ‘ஏரிப்பட்டி’ எனப்பட்டது. விளக்கிற்கும் நந்தவனத்திற்கும் தனித்தனியே ‘புறம்’ உண்டு. அறத்தின் ஒவ்வொரு கூற்றிற்கும் பெயர் கண்ட நம் முன்னோர், மன்னன் உறைந்த மாளிகையைப் பேணுதற்கு அத்தகையதொரு சொல்லை வழங்கியதாக யாம் அறிந்த அளவில் இல்லை. இவ்வின்மை தற்செயலாக நேர்ந்ததன்று. திருவில்லிபுத்தூரில் உள்ள திருமலை நாயக்கர் அரண்மனையின் வரலாற்றை ஆராயப் புகுவார் இதனை முதற்கண் உணர்தல் வேண்டும்.

திருவில்லிபுத்தூர் என்றவுடன் நம் நினைவிற்கு வருவது வடபத்திரசாயி கோயிலின் பதினொரு நிலைக் கோபுரம். தமிழக அரசின் இலச்சினையில் உள்ளது இதுவே எனப் பலரும் கொள்வர். அதே ஊரில் திருமலை நாயக்கர் (1623-1659) பெயரால் வழங்கும் அரண்மனை ஒன்று உண்டு என்பதை வெளியூரார் பலர் அறியார். மதுரை மாளிகையின் பாங்கினது, அளவிற் சிறியது. மன்னர் ஆண்டாளிடத்து ஈடுபாடு மிக்கவர் என்றும், இக்கோயிலில் பூசை முடிந்த செய்தியை மணியோசையால் அறிந்த பின்னரே மதுரையில் உணவு கொண்டார் என்றும், அதற்கென வழிநெடுக மணி மண்டபங்கள் எழுப்பினார் என்றும் செவிவழிச் செய்தி கூறும்.

கோயிலுக்கு வந்த கொடை அரண்மனைக்கு வாராமைக்குக் காரணம் யாது? கொடை என்பது பெறுவோன் ஒருவனை வேண்டி நிற்பது. கோயிலில் இறைவனே உடையவன், அவனுக்கு இறப்பில்லை, ஆகவே ‘சந்திராதித்தவல்’ எனக் கல்லில் வெட்டிக் கொடுத்தல் இயலும். மன்னனோ மாய்வான், அவன் குடியும் மாறும். மாறிய பின்னர் அவன் மாளிகை எவர்க்கும் உரியதாகாது செங்கற் சுரங்கமாக எஞ்சும். கங்கைகொண்ட சோழபுரத்தில் இராசேந்திரன் எடுத்த கோயில் இன்றும் ஓங்கி நிற்க, அவன் அரண்மனை இருந்த மாளிகைமேட்டில் அகழ்ந்து கண்ட செங்கல் அடித்தளங்களே எஞ்சியிருத்தல் இதற்குச் சான்று. காரியாசானின் சிறுபஞ்சமூலம் துறக்கம் தரும் செயல்களாகக் குளம் தொடுதல், மரம் நடுதல், வழி அமைத்தல், வயல் ஆக்குதல், கிணறு எடுத்தல் ஆகியவற்றைக் கூறும். இவை ஐந்தும் ஊர்ப் பொதுமைக்கு உரியன. அரண்மனைக்கு அவற்றுள் இடமில்லை.

மதுரை மாளிகையின் வரலாறும் இதனையே காட்டும். 1636-இல் எழுந்த அம்மாளிகையின் பகுதிகளைத் திருமலையின் பேரரான சொக்கநாதரே பெயர்த்துத் திருச்சிராப்பள்ளிக்குக் கொண்டு சென்றார். கட்டியவன் குடியினரே இடித்தனர் என்பது கருதத்தக்கது. எஞ்சியது முதலிற் கட்டியதன் காற்பகுதி அளவே என்பர். அதனை அழிவினின்று மீட்டவர் 1866 முதல் 1872 வரை சென்னை ஆளுநராயிருந்த நேப்பியர் பிரபு. அவர் செய்வித்தது அறக்கொடை அன்று, அரசுச் செலவு. நீதிமன்றங்களுக்கும் அலுவலகங்களுக்கும் இடம் வேண்டியிருந்தது. மாளிகை இடம் தந்தது. திருவில்லிபுத்தூர் அரண்மனையும் நெடுங்காலம் நீதிமன்றமாகவே வழங்கிற்று. வழக்குக் கட்டுகள் அடுக்கிய சுவர்கள் அழகிழந்தன என்று வருந்துவார் உளர். அக்கட்டுகள் இன்றேல் சுவர்களே இரா என்பது எம் துணிபு.

இனி, செல்வர் கொடை இவ்வட்டாரத்தில் இல்லாமற் போகவில்லை. 2016-இல் ஆண்டாள் கோயில் விமானம் பொன் வேயப்பெற்றுக் குடமுழுக்குக் கண்டது. அண்மையிலுள்ள இராசபாளையத்தில் பி. ஏ. சி. இராமசாமி ராஜா 1936-இல் தோற்றுவித்த நூற்பாலை ஒரு தொழில் நகரையே உருவாக்கிற்று. அந்நகரின் மற்றொரு பெருமகனார் பூ. ச. குமாரசாமி ராஜா (1898-1957). 1949 முதல் 1952 வரை சென்னை மாகாணத்தின் முதல்வராகவும், பின்னர் ஒரிசாவின் ஆளுநராகவும் விளங்கிய அவர், தாம் வாழ்ந்த இல்லத்தையே காந்தி கலை மன்றத்திற்கு வழங்கினார். இக்கொடை நம் ஆராய்ச்சிக்கு மிகவும் பயன்படுவது. கட்டடம் ஒன்று தனியொருவர் உடைமையினின்று நீங்கிப் பொதுமன்றத்தை உடையவனாகப் பெற்றது. பெற்றவுடன் அதனைப் பேணுதற்கு ஆட்களும் தோன்றினர். கோயிலுக்கு இறைவன் எவ்வாறோ, அவ்வாறே இவ்வில்லத்திற்கு மன்றம்.

இங்கிலாந்தின் வடபகுதியில் நிகழ்ந்த ஒன்றை இதனோடு ஒப்பிடலாம். டர்ஹாம் பேராயர்கள் ஏறத்தாழத் தொள்ளாயிரம் ஆண்டுகள் உறைந்த ஆக்லாந்து மாளிகை, நிலக்கரிச் சுரங்கங்கள் மூடப்பட்டு நலிந்த பிஷப் ஆக்லாந்து என்னும் சிற்றூரில் உள்ளது. 1756-இல் டிரெவர் என்னும் பேராயர் வாங்கி அங்கு வைத்த ஸ்பானிய ஓவியர் சுர்பரானின் படங்களை விற்கத் திருச்சபையினர் முற்பட்டனர். அப்போது ஜோனதன் ரஃபர் என்னும் செல்வர் 150 இலட்சம் பவுன் வழங்கி, படங்கள் அவ்வூரிலேயே இருக்கச் செய்தார். 2012-இல் அறக்கட்டளை அமைந்தது, மாளிகையும் அதன்வசமாயிற்று. 2017-இல் சுரங்கத் தொழிலாளர் தீட்டிய ஓவியங்களுக்கெனக் கூடம் ஒன்று எழுந்தது. 2019-இல் மாளிகை மக்களுக்குத் திறக்கப்பட்டது. இதனைப் பொருளின் பெருமையாகக் கொள்வார் பலர். பொருளினும் முற்பட நிகழ்ந்தது உடைமை மாற்றமே. அரண்மனை முதலில் ஓர் அறக்கட்டளைக்கு உரியதாயிற்று. அதன் பின்னரே கொடை தங்குதற்கு இடம் வாய்த்தது. சுரங்கத் தொழிலாளர்க்கும் அங்கு ஓரிடம் ஒதுக்கியமை, ஊராரைக் காண்போராக மட்டும் நிறுத்தாது உரியோராகவும் ஆக்கியது எனலாம்.

திருவில்லிபுத்தூர் அரண்மனை இன்று மாநிலத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. இத்தகைய சின்னங்களுக்கு 1966-ஆம் ஆண்டுத் தமிழகச் சட்டம் காவலாகும். அச்சட்டம் இடிப்பதைத் தடுக்கும், புழங்குவதைத் தோற்றுவிக்காது. நீதிமன்றம் இருந்த நாளில் கூடத்திற்கு நாள்தோறும் வருவார் இருந்தனர். காந்தி கலை மன்றம் போன்றதோர் அவை, துறையின் மேற்பார்வையில், இவ்வரண்மனையையும் ஏற்று நடத்துதல் இயலுமா என்பதை ஊர்ச் சான்றோர் எண்ணிப் பார்த்தல் தகும். நூற்பாலைச் செல்வமும் பால்கோவா வாணிகமும் உள்ள வட்டாரத்தில் பொருள் முட்டுப்பாடன்று.

மதுரைச் சாலையில் அம்மணி மண்டபங்கள் எனச் சுட்டப்படுவன சில இன்றும் காணப்படுகின்றன. கோயிலுக்கு உரியனவாகாமையால் அவற்றிற்குத் திருப்பணி வாய்க்கவில்லை. நீதிமன்றத்திற்குப் பயன்படாமையால் அரசின் செப்பமும் வாய்க்கவில்லை. மழைக்கு ஒதுங்குவார்க்கு மட்டும் அவை பயன்படுகின்றன.