வயசாயிட்டுல்லா

ஆச்சி வைத்த சொதி திரிந்துபோனது அன்றுதான் முதல் தடவை.

திருநெல்வேலிக்காரர்களுக்குத் தெரியும். சொதிக்குத் தேங்காய்ப்பால் மூன்று எடுக்க வேண்டும். மூன்றாம் பாலில் காய் வேகும். பிறகு இரண்டாம் பால். கெட்டியான முதல் பால் கடைசியில், அடுப்பை அணைக்கப்போகும் நேரத்தில். ஐம்பது வருடமாக ஆச்சியின் கைக்குத் தெரிந்த வரிசை அது. அன்று முதல் பாலை முதலிலேயே ஊற்றித் தளதளவென்று கொதிக்கவிட்டாள். பிறகு அந்தச் சட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"வயசாயிட்டுல்லா, அப்படித்தான் இருக்கும்," என்றாள் அம்மா. எல்லோரும் தலையாட்டினோம். நானும்தான்.

அடுத்த ஒன்றரை வருடத்தில் ஆச்சி என்னைச் சித்தப்பா பெயரைச் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தாள். பால்காரருக்கு ஒரே நாளில் இரண்டு முறை பணம் கொடுத்தாள். நடுவில் ஒருநாள், "தரையே தெரிய மாட்டேங்குய்யா, பஞ்சு மேல நடக்க மாதிரி இருக்கு," என்றாள். அதையும் வயசுக் கணக்கில் எழுதிக்கொண்டோம். ஓர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். ஹீமோகுளோபின் 12.2. "ரத்தமெல்லாம் நல்லாத்தான் இருக்கு, வயசானா மறதி வரத்தான் செய்யும்," என்று அனுப்பிவிட்டார்கள். நிம்மதியாகத் திரும்பி வந்தோம்.

அந்த நிம்மதி எவ்வளவு பழைய தப்பு என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. 

வேறொரு டாக்டர், சின்ன வயசுக்காரர், மறதியைப் பற்றி அதிகம் கேட்கவில்லை. "நடக்கும்போது செருப்பு கழன்டு போனா தெரியுதா பாட்டி?" என்றார். கண்ணை மூடிக்கொண்டு நிற்கச் சொன்னார். ஆச்சி சாய்ந்தாள், பிடித்துக்கொண்டோம். "வீட்ல சைவமா? சுகர் மாத்திரை எத்தனை வருஷமா போடுறாங்க?" சைவம். மெட்ஃபார்மின், பதினாலு வருடம். ரத்தத்தில் பி12 பார்க்கச் சொன்னார். குறைந்தது 200 இருக்க வேண்டிய இடத்தில் 98 இருந்தது.

மறுநாள் ஊசி. சிரிஞ்சில் ஏறிய மருந்து நல்ல சிவப்பு. "என்னய்யா இது, குங்குமத்தைக் கரைச்ச மாதிரி இருக்கு?" என்றாள் ஆச்சி. அந்தச் சிவப்பு எங்கிருந்து வந்தது என்று தேடப்போய்த்தான் இதையெல்லாம் படித்தேன்.

2

கதை ரத்தத்தில்தான் தொடங்குகிறது. 1849இல் லண்டன் கைஸ் மருத்துவமனையின் தாமஸ் அடிசன் ஒரு விசித்திரமான சோகையைப் பற்றிப் பேசினார். ரத்தப்போக்கு கிடையாது, வெளியே தெரிகிற காரணம் எதுவும் கிடையாது. ஆள் வெளுத்து, தளர்ந்து, செத்துப்போவார். பிற்பாடு அதற்கு 'பெர்னிஷியஸ் அனீமியா' என்று பெயர் வந்தது. கொல்லும் சோகை என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்த நோயாளிகளுக்கு ரத்தம் மட்டும் கெடவில்லை. கால் மரத்தது, நடை தடுமாறியது, சிலருக்குப் புத்தி தடுமாறியது. 1887இல் லுட்விக் லிக்ட்ஹைம் என்ற ஜெர்மன் மருத்துவர் இவர்களுடைய முதுகுத்தண்டில் சிதைவு இருப்பதை எழுதினார். 1900இல் லண்டனில் ரஸ்ஸல், பேட்டன், கோலியர் என்ற மூன்று பேர் அந்தத் தண்டுவட நோய்க்குத் தனிப்பெயரே வைத்தார்கள். ஆக, நரம்பும் சேர்ந்து கெடுகிறது என்பது நூற்றிருபது வருடத்துக்கு முன்பே தெரிந்த சங்கதி. ஆனால் நோயின் பெயரிலேயே சோகை இருந்தது. எல்லோரும் ரத்தத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மருந்து கிடைத்ததும் ரத்தத்தின் வழியாகத்தான். அமெரிக்காவில் ஜார்ஜ் விப்பிள் நாய்களின் ரத்தத்தை எடுத்துச் சோகை வரவழைத்து, எந்த உணவில் சீக்கிரம் தேறுகின்றன என்று பார்த்தார். ஈரல் முன்னால் நின்றது. 1926இல் பாஸ்டனில் ஜார்ஜ் மைனாட்டும் வில்லியம் மர்ஃபியும் 45 நோயாளிகளுக்குத் தினமும் ஈரல் சாப்பிடக் கொடுத்துப் பிழைக்க வைத்ததாக அறிவித்தார்கள். மைனாட்டே ஒரு சர்க்கரை நோயாளி. இன்சுலின் அப்போதுதான் வந்திருந்தது. அது சில வருடம் தள்ளிப்போயிருந்தால் அவர் இந்த வேலையைச் செய்ய உயிரோடு இருந்திருக்க மாட்டார். 1934இல் மூவருக்கும் நோபல்.

ஈரலில் இருப்பது நமக்கு ஏன் மற்ற சாப்பாட்டிலிருந்து சேரவில்லை? அதே பாஸ்டனில் வில்லியம் காஸில் இதற்குச் செய்த சோதனையைச் சாப்பிடும்போது படிக்காதீர்கள். அவர் தானே மாட்டிறைச்சி சாப்பிட்டு, ஒரு மணி நேரம் கழித்து அதை வாந்தியெடுத்து, குழாய் வழியாக நோயாளிகளின் வயிற்றுக்குள் செலுத்தினார். வெறும் இறைச்சியில் தேறாதவர்கள் இதில் தேறினார்கள். ஆரோக்கியமான இரைப்பை ஏதோ ஒன்றைச் சுரக்கிறது, அது இல்லாமல் மருந்துப்பொருள் உடம்பில் ஏறாது என்று புரிந்தது. அப்படியென்றால் தட்டில் என்ன இருக்கிறது என்று மட்டும் பார்த்தால் போதாது. வயிறு அதை வாங்கிக்கொள்கிறதா என்றும் பார்க்க வேண்டும். வயதானால் பலருக்கு இரைப்பை அமிலம் குறைந்து, உணவிலிருந்து பி12ஐப் பிரித்தெடுக்க முடியாமல் போகிறது. மெட்ஃபார்மினும், நெஞ்செரிச்சலுக்கு வருடக்கணக்கில் போடும் அமில மாத்திரைகளும் அதே வாசலை இன்னும் குறுக்குகின்றன.

3

இங்கே நம்ம ஊர் வருகிறது. 1928இல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் பம்பாய்க்கு வந்தார். துணி ஆலைகளில் வேலை பார்த்த ஏழைப்பெண்களுக்குக் கர்ப்பகாலத்தில் வந்த கடுமையான சோகையைப் பற்றி ஆராய வந்தவர். இடையில் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்திலும், 1931இன் தொடக்கத்தில் சென்னையில் கோஷா ஆஸ்பத்திரி என்று எல்லோரும் சொல்லும் இன்றைய கஸ்தூரிபா காந்தி மருத்துவமனையிலும் வேலை செய்தார். 

பாஸ்டன்காரர்களின் சுத்திகரித்த ஈரல் சாறு இந்தப் பெண்களிடம் பலிக்கவில்லை. மார்மைட் பலித்தது. பீர் வடிக்கும் ஈஸ்ட்டிலிருந்து செய்து, ரொட்டியில் தடவித் தின்கிற கருப்புப் பசை அது. விலையும் மலிவு. அப்படியென்றால் ரத்தத்துக்கு வேண்டிய பொருள் இன்னொன்றும் இருக்கிறது. 1941இல் அமெரிக்காவில் பசலைக்கீரையிலிருந்து அதைப் பிரித்து, இலை என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து ஃபோலிக் அமிலம் என்று பெயர் வைத்தார்கள்.

சீக்கிரமே ஃபோலிக் அமிலத்தைத் தொழிற்சாலையிலேயே செய்ய முடிந்தது. கொல்லும் சோகைக்காரர்களுக்கும் கொடுத்துப் பார்த்தார்கள். ரத்தம் ஜோராக ஏறியது, கன்னம் சிவந்தது. ஆனால் 1940களின் பிற்பகுதியில், அதே நோயாளிகள் சிலரின் கால்கள் மோசமாகிக்கொண்டே போனதை மருத்துவர்கள் பார்த்தார்கள். ரத்த அறிக்கை நன்றாக இருக்க, நரம்பு செத்துக்கொண்டிருந்தது.

இதைப் படித்தபோது எங்கள் வீட்டு அலமாரியில் மடித்து வைத்திருந்த 12.2 என்ற காகிதம் ஞாபகம் வந்தது.

ஏன் இப்படி ஆகிறது? ஃபோலேட் தன்னிடமுள்ள ஒரு சின்ன மெத்தில் துண்டை பி12இடம் கொடுக்க, பி12 அதை ஹோமோசிஸ்டீன் என்ற பொருளுக்குக் கைமாற்றி மெத்தியோனினாக மாற்றுகிறது. மூளையிலும் நரம்பிலும் பல வேலைகளுக்கு மெத்தில் துண்டு இந்த மெத்தியோனின் வழியாகத்தான் போகிறது. பி12 இல்லையென்றால் ஃபோலேட் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே மாட்டி நிற்கும். புது ரத்த அணு உண்டாகவும் வழியில்லாமல் போகும். வெளியிலிருந்து ஃபோலிக் அமிலத்தைக் கொட்டினால் ரத்த அணு வேலை எப்படியோ ஓடிவிடும். நரம்பின் வேலை ஓடாது. கரண்டு வயருக்கு மேலே ரப்பர் இருப்பதுபோல நரம்பைச் சுற்றி மயலின் என்ற உறை உண்டு. அது உரிய ஆரம்பிக்கும்.

பி12 தன் முகத்தைக் காட்டியது 1948இல். அமெரிக்காவின் மெர்க்கிலும் இங்கிலாந்தின் கிளாக்ஸோவிலும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் சிவப்புப் படிகமாகப் பிரித்தெடுத்தார்கள். நடுவில் ஒரு கோபால்ட் அணு உட்கார்ந்திருக்கிறது. 1956இல் அதன் முழு வடிவத்தையும் எக்ஸ்ரே கொண்டு கண்டுபிடித்தவர் ஆக்ஸ்ஃபோர்டின் டோரதி ஹாட்ஜ்கின். ஆச்சி கேட்ட குங்குமம் அதுதான்.

இந்தப் பொருளைச் செடிகளுக்குச் செய்யத் தெரியாது, விலங்குகளுக்கும் தெரியாது. பாக்டீரியாவுக்கு மட்டும்தான் தெரியும். அசைவத்திலும் பாலிலும் இருப்பது அதன் உபயம். 1980இல் வேலூரிலிருந்து ஆல்பர்ட், மாத்தன், பேக்கர் மூவரும் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள்: மனிதர்களின் சிறுகுடலில் வாழும் சில பாக்டீரியாக்களாலும் பி12 செய்ய முடியும் என்று. ஆச்சியின் தட்டில் தயிரும் மோரும் எப்போதும் உண்டு. ஈரலிலும் சில வருடத்துக்கான இருப்பு இருக்கும். அதனால்தான் பற்றாக்குறை சத்தமில்லாமல் வருகிறது.

4

1988இல் ஜான் லிண்டன்பாம் குழுவினர் ஒரு கட்டுரை எழுதினார்கள். பி12 குறைவால் நரம்போ மனமோ பாதிக்கப்பட்ட 141 பேர். அவர்களில் 40 பேருக்குச் சோகையே இல்லை, ரத்த அணுக்கள் பெருக்கவும் இல்லை. மரத்த கால், தள்ளாட்டம், ஞாபகக் குறைவு எல்லாம் இருந்தன, ரத்தம் மட்டும் ஒழுங்காக இருந்தது. லிக்ட்ஹைமுக்குப் பிறகு நூறு வருடம் ஆகியிருந்தது.

இதோடு நிறுத்தினால் நான் மாத்திரை விற்கிறவன் ஆகிவிடுவேன். ஹோமோசிஸ்டீன் அதிகமுள்ள முதியவர்களுக்கு அல்சைமர் வரும் வாய்ப்பு கிட்டத்தட்ட இரட்டிப்பு என்று 2002இல் ஃபிராமிங்ஹாம் ஆய்வு சொன்னது. 2010இல் ஆக்ஸ்ஃபோர்டில், லேசான மறதியுள்ள, 70 வயதைத் தாண்டியவர்களுக்கு இரண்டு வருடம் ஃபோலிக் அமிலம், பி6, பி12 கொடுத்தார்கள். வருடத்துக்கு 1.08 சதவீதம் சுருங்கிய மூளை, மாத்திரை போட்டவர்களுக்கு 0.76 சதவீதம் சுருங்கியது. ஹோமோசிஸ்டீன் அதிகமிருந்தவர்களிடம் பலன் இன்னும் அதிகம். ஆனால் 2014இல் 11 சோதனைகளை, சுமார் 22,000 பேரை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தபோது, இந்த மாத்திரைகள் முதுமையில் அறிவுத்திறன் குறைவதைத் தடுக்கவில்லை என்று வந்தது. குறை இருக்கிறவருக்கு இது மருந்து. குறை இல்லாதவருக்கு மூளை டானிக் கிடையாது. ஆகவே யாருக்குக் குறை என்று பார்ப்பதுதான் வேலை. நாங்கள் அதைத்தான் செய்யாமல் விட்டோம்.

'வயசாயிட்டுல்லா' என்பது அன்பான சொல்தான். ஆனால் அதைச் சொன்ன பிறகு யாரும் அடுத்த கேள்வியைக் கேட்பதில்லை. 

ஊசி போட ஆரம்பித்து நாலு மாதம் கழித்து ஆச்சி தானாக வாசல் வரை நடந்தாள். பால் கணக்கு சரியாக வந்தது. பாதத்தின் மரப்பு போகவில்லை. தாமதமாகிவிட்டது, அது அப்படியே நிற்கலாம் என்றார் அந்த டாக்டர். ஒன்றரை வருடம் நாங்கள் தலையாட்டியதன் மிச்சம் அது.

போன பொங்கல் விடுமுறையில் சொதி வைத்தோம். ஆச்சி ஸ்டூலில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, நான் ஊற்றினேன். மூன்றாம் பால், இரண்டாம் பால். முதல் பாலை நான் கையில் எடுத்ததும், "பொறுய்யா, தீயைக் குறை," என்றாள். கூடவே சித்தப்பா பெயரையும் சேர்த்துச் சொன்னாள். நான் திருத்தவில்லை. தீயைக் குறைத்தேன்.