அருள் அல்ல, உரிமை!

புதுக்கோட்டை மாவட்டத்து ஆவுடையார்கோவிலின் கொடுங்கைகளைக் கண்டோர் வியக்காமல் திரும்புவதில்லை. மரச்சட்டமும் கயிறும் ஆணியும் கொண்டு வேய்ந்த கூரையோ என மயங்கும்படி, கருங்கல்லை மெழுகெனக் குழைத்திருக்கிறார்கள். “ஆவுடையார்கோவில் கொடுங்கை நீங்கலாக” என்று எழுதிய பிறகே சிற்பிகள் பிற ஊர்களில் வேலையை ஒப்புக்கொண்டனர் என்று சொல்லும் வழக்கம் இன்றும் உண்டு. உழைப்பாளியின் கைத்திறனுக்கு இதைவிட நற்சான்று வேறென்ன வேண்டும்?

அதே கோயிலில் இன்னொரு விந்தையும் உண்டு. கருவறையில் இலிங்க உருவம் இல்லை, ஆவுடை மட்டுமே. அம்மன் சன்னதியிலோ பாதங்கள் மட்டுமே. கண்ணில்லை, கையில்லை என்று அங்கே எவரும் முகம் சுளிப்பதில்லை. உருவமற்ற நிலையே உயர்நிலை என்று தத்துவம் பேசுகின்றனர். பேசட்டும்! நாம் கேட்பது ஒன்றுதான். கருவறையில் உறுப்பைத் தேடாத உலகம், பார்வையற்ற இளைஞன் ஒருவன் பட்டத்துடன் வேலை கேட்டு வந்தால் மட்டும் உறுப்புகளை எண்ணத் தொடங்குவதேன்? முன்வினை என்று முத்திரை குத்தி, கோயில் வாசலில் அமர்த்தி, தட்டிலே காசு போட்டுப் புண்ணியம் தேடிக்கொண்டதேன்?

திறமை இல்லை என்பதாலா? வரலாறு மறுக்கிறது. நடக்க இயலாதவரைப் பார்வையற்றவர் தோளில் சுமக்க, ஊர் ஊராய்ச் சென்று பாடிய இரட்டைப் புலவர்களைத் தமிழுலகம் அறியும். இளமையிலேயே பார்வையிழந்த பழனி மாம்பழக் கவிச்சிங்க நாவலர், 19ஆம் நூற்றாண்டில் இராமநாதபுரத்து அவையில் புகழுடன் விளங்கினார். எனினும் அவர்கள் உண்ட சோறு, புரவலர் மனம் வைத்ததால் கிடைத்த சோறு. அருள் பெற்றோரின் பெயர் நிலைத்தது. பெறாதோர் எத்தனை பேரோ, ஏட்டிலும் இல்லை!

அருளை உரிமையாக்கும் எண்ணத்திற்குப் போர்கள் வலுவூட்டின. போரில் உறுப்பிழந்து திரும்பிய வீரனை எந்த அரசு ‘முன்வினை’ என்று தள்ள முடியும்? 1944இல் பிரிட்டன் சட்டம் செய்தது: 20 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் நிறுவனங்களில் 3 சதவீத இடம் ஊனமுற்றோருக்கு. ஆனால் அவர்களுக்கென்றே தனியே ஒதுக்கிய வேலைகள் எவை தெரியுமா? லிப்ட் இயக்குவதும், கார் நிறுத்துமிடத்தைப் பார்த்துக்கொள்வதும்!

இந்தியாவின் கதையும் அப்படித்தான் தொடங்கிற்று. மத்திய அரசு 1977இல் தந்த 3 சதவீதம், கீழ்நிலையிலிருந்த ‘சி’, ‘டி’ பிரிவுப் பணிகளுக்கு மட்டுமே. 1995ஆம் ஆண்டுச் சட்டம் அதை விரித்தது. அங்கும் ஒரு பொறி இருந்தது. ‘இவர்களுக்கு ஏற்றவை’ என்று அடையாளம் காட்டப்பட்ட பணியிடங்களை மட்டும் வைத்தே அதிகாரிகள் கணக்குப் போட்டனர். பட்டியல் சுருங்கினால் உரிமையும் சுருங்கும்! இடங்களை மொத்தக் காலியிடங்களைக் கொண்டே கணக்கிட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் கூற 2013 அக்டோபர் வரை காத்திருக்க நேர்ந்தது. 2016ஆம் ஆண்டுச் சட்டம் ஒதுக்கீட்டை 4 சதவீதமாக்கிற்று. 7 வகையாக இருந்த குறைபாடுகளை 21 ஆக விரித்தது.

நம் தமிழகம் என்ன செய்தது? 1921இலேயே வகுப்புவாரி ஆணை கண்ட மண் இது. ஒதுக்கீட்டின் பொருளை நமக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. ஆயினும் 2014இல் சிவில் நீதிபதிப் பணிக்கு ஆள் எடுத்தபோது, பார்வைக் குறைபாடு 40 முதல் 50 சதவீதத்துக்குள் இருந்தால்தான் ஒதுக்கீடு என்றனர். 40க்குக் குறைந்தால் ஊனம் போதாது. 50ஐத் தாண்டினால் ஊனம் அதிகம்! 70 சதவீதக் குறைபாடுடைய ஒருவர் விண்ணப்பித்தார். அவரோ ஏற்கெனவே அரசுத் தரப்பில் நின்று வழக்காடிக்கொண்டிருந்தவர். வழக்காட முடியும், வழக்கைக் கேட்க முடியாதாம்! 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே அந்த வரம்பு செல்லும் என்றது. 2021 பிப்ரவரியில், மூன்று நீதிபதிகள் அமர்வு, புதிய சட்டம் வந்தபின் அத்தீர்ப்பு வழிகாட்டியாகாது என்றது. 2025 மார்ச்சில், பார்வையின்மையைக் காட்டி எவரையும் நீதிப் பணியிலிருந்து விலக்கலாகாது என்று தெளிவாகவே தீர்ப்பளித்தது.

தென்னாப்பிரிக்காவைப் பாருங்கள். இந்திய வழிவந்த சாக் யாக்கூப், பார்வையற்றவர், 1998 முதல் 2013 வரை அந்நாட்டு அரசியல் சட்ட நீதிமன்றத்தில் நீதிபதியாக அமர்ந்திருந்தார். அங்கே நீதி தடுமாறிற்றா?

‘ஊனமுற்றோர்’ என்ற பெயரை நீக்கி ‘மாற்றுத்திறனாளிகள்’ என்றழைக்கிறோம். நன்று. பெயர் மாறினால் போதுமா? படிக்கட்டு மட்டுமே உள்ள அலுவலகத்தில், சக்கர நாற்காலியில் வருபவனுக்கு ஆணைத்தாள் எதற்கு? தனியார் நிறுவனங்களுக்கோ இன்றும் ஒதுக்கீட்டுக் கட்டாயம் இல்லை. குறைந்தது 5 சதவீதம் வேலை தருவோரை அரசு ஊக்குவிக்க வேண்டும் என்பதோடு சட்டம் நின்றுவிடுகிறது.

ஆகவே இளைஞர்களே! உங்கள் ஊர் அலுவலகத்துக்குச் செல்லுங்கள். அந்த 4 சதவீதம் நிரம்பியிருக்கிறதா என்று கேளுங்கள். சாய்தளம் எங்கே, பார்வையற்றவர் படிக்கக் கருவி எங்கே என்று கேளுங்கள். கருங்கல்லைக் குழைத்த கைகள் இந்நாட்டில் இருந்தன. கல்மனத்தைக் குழைக்கும் வேலை நமக்கு மிச்சமிருக்கிறது.