நீலக்கருப்பு மைக்கு எந்த ஊர்?

சிதம்பரத்து நண்பரிடம் இரண்டு ஹீரோ பேனாக்களைக் கொடுத்து, பதிலுக்கு ஒரு தங்க நிப்பை வாங்கினேன். பழைய நிப்பு சேர்ப்பவர்களுக்கு இது வழக்கமான பண்டமாற்று. நிப்பின் முதுகில் ‘வாரன்டெட் 14 கேரட்’ என்று மட்டும் பொறித்திருந்தது. செய்தவர் பெயர் இல்லை. இப்படிப் பெயரில்லாத தங்க நிப்புகளை இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் மொத்தமாகச் செய்து சிறிய பேனாக் கம்பெனிகளுக்கு விற்றார்கள். ஆகவே எழுத்தை வைத்து இதன் பூர்வீகத்தைத் தேடுவது வீண். பத்திரம் எழுதுகிற ஒருவரின் மேசை இழுப்பறையில் கிடந்தது என்ற ஒரு தகவல்தான் கூடவே வந்தது.

தேட வைத்தது நிப்பின் அடியில் ஒட்டியிருந்த கருப்புப் பொருக்கு. இரவெல்லாம் தண்ணீரில் போட்டும் தண்ணீர் நிறம் மாறவில்லை. இன்று கடையில் வாங்கும் சாதாரண நீல மையாக இருந்தால், எத்தனை வருடம் காய்ந்திருந்தாலும் தண்ணீர் பட்டதும் கொஞ்சமாவது கரைந்து வரும். வைட்டமின் சி மாத்திரையைப் பொடித்துக் கரைத்த நீரில் போட்டேன். சிறிது நேரத்தில் பொருக்கு கழன்று, தங்கம் பளிச்சென்று தெரிந்தது. தண்ணீருக்கு மசியாமல் வைட்டமின் சிக்கு மசிவது இரும்பு மையின் அடையாளம். துவர்ப்புப் பொருளோடு இரும்பு சேர்ந்து, காற்றுப் பட்டுக் கறுத்து இறுகிய கூட்டுப்பொருள் அது. அந்த இரும்பை மறுபடி கரையும் நிலைக்கு இறக்கிவிடுகிறது வைட்டமின் சி.

தங்க நிப்பு ஏன் என்பதற்கும் இதிலேயே பதில் இருக்கிறது. இரும்பு மையில் அமிலம் உண்டு, அது சாதாரண எஃகை அரிக்கும். தங்கத்தை ஒன்றும் செய்யாது. நாள் முழுக்கப் பத்திரம் எழுதுகிறவர் தங்க நிப்புக்குக் காசு செலவழித்தது பகட்டுக்காக இருந்திருக்காது.

இந்த மையைத்தான் கடைக்காரர்கள் ‘ப்ளூ பிளாக்’ என்று விற்றார்கள். அன்னபேதி என்கிற இரும்பு சல்பேட்டையும் துவர்ப்புச் சாற்றையும் கலந்தால் புதிதில் கிடைப்பது வெளிறிய நீர். எழுதும்போது எழுத்தே கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. தாளில் ஊறி, காற்றுப் பட்டு, ஒரு நாள் கழிந்த பிறகுதான் நன்றாகக் கறுக்கும். அதுவரை எழுதுகிறவருக்கு எழுத்துத் தெரிய வேண்டுமே என்று ஒரு நீலச் சாயத்தைச் சேர்த்தார்கள். எழுதும்போது நீலம், மறுநாள் கருப்பு.

கருப்பு இரும்பிலிருந்து வந்தது. நீலம் எங்கிருந்து வந்தது? கடலூர்க்காரனான எனக்கு உடனே தோன்றிய பதில் அவுரி.

முதல் தடயம்: அவுரி

1904-இல் லண்டனில் வெளிவந்த மிட்செல், ஹெப்வொர்த் இருவரின் மை பற்றிய நூல் இந்தத் தேடலுக்கு நல்ல வழிகாட்டி. லண்டனில் ஹென்றி ஸ்டீபன்ஸ் 1832-இல் தன் நீலக்கருப்பு எழுதுமையை விற்கத் தொடங்கினார். 1850-களில் டிரெஸ்டன் நகரத்து லெயோன்ஹார்டி, கந்தக அமிலத்தில் கரைத்த அவுரி நீலத்தை இரும்பு மையில் சேர்த்துப் பெரிய சந்தையைப் பிடித்தார். ஐரோப்பிய மைப்புட்டிக்குள் அவுரி இருந்தது என்பதில் சந்தேகமில்லை.

அந்த அவுரி விளைந்த இடங்களில் ஒன்று பழைய தென்னாற்காடு. 1993-இல் கடலூர், விழுப்புரம் என்று பிரிக்கப்பட்ட அதே மாவட்டம். இதற்கு அச்சில் இரண்டு சாட்சிகள் உண்டு. ஒன்று 1878-இல் வந்த கார்ஸ்டினின் மாவட்டக் கையேடு. மற்றது 1906-இல் வந்த பிரான்சிசின் கெசட்டியர். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். முதல் நூலின் காலத்தில் அவுரி இந்த மாவட்டத்தின் முக்கியமான வணிகப் பயிர். இரண்டாம் நூல் வரும்போது அது சரிந்துகொண்டிருக்கிறது.

சோழமண்டலக் கரையில் அவுரியைப் பெரும்பாலும் காய்ந்த இலையாகத்தான் பயன்படுத்தினார்கள். செடியை அறுத்து வெயிலில் காயவைத்து, அடித்து இலையை உதிர்த்துக்கொள்வார்கள். இலையைத் தொட்டியில் ஊறவைத்து, சாற்றை வேறு தொட்டிக்கு மாற்றி, காற்றுப் படும்படி கலக்குவார்கள். அடியில் தங்கும் நீலத்தைக் காய்ச்சி, அழுத்தி, கட்டி கட்டியாக வெட்டி விற்பார்கள். திண்டிவனம், விழுப்புரம் பக்கத்தில் இன்றும் இயற்கை அவுரிச் சாயம் எடுக்கிறார்கள்.

இரண்டாவது தடயம்: பிசின்

பழைய மையில் இன்னொரு சரக்கும் உண்டு. அது வேல இனத்து மரத்தின் பிசின். மைக்குக் கெட்டித்தன்மையைக் கொடுத்து, கருந்துகள் அடியில் தங்காமல் தாங்கிப் பிடிப்பது அதன் வேலை. ஐரோப்பாவுக்கு நல்ல பிசின் வந்த இடங்களில் ஒன்று மேற்கு ஆப்பிரிக்காவின் செனகல். அங்கே பிசினுக்கு விலையாகக் கொடுக்கப்பட்டது எது என்று தேடினால் பாதை மறுபடி நம் கரைக்கே திரும்புகிறது. புதுச்சேரியிலிருந்து பிரெஞ்சு வணிகர்கள் ஏற்றுமதி செய்த ‘கினே’ என்னும் நீலத் துணிதான் செனகல் ஆற்றங்கரையில் பணமாகச் செல்லுபடியானது. பிசினைச் சேகரித்து விற்றவர்கள் அந்தத் துணியைத்தான் கேட்டு வாங்கினார்கள். அந்தத் துணிக்கு நீலம் கொடுத்தது அவுரி. புதுச்சேரியைச் சுற்றிக் கிடந்த நிலமெல்லாம் தென்னாற்காடு.

ஆக, மையிலிருந்த நீலத்திலும் நம் அவுரி, அதே மையிலிருந்த பிசினுக்குக் கொடுத்த விலையிலும் நம் அவுரி. தேடலை இங்கேயே முடித்துக்கொண்டு, ‘கடலூர் நீலம்தான் உலகம் எழுதிய மை’ என்று தலைப்புப் போட்டுவிடலாம். ஆனால் தேதிகள் இடம் தரவில்லை.

தேதிகள் சொல்வது

என் கையிலிருப்பது ஊற்றுப் பேனாவின் நிப்பு. நியூயார்க்கில் வாட்டர்மேன் தன் ஊற்றுப் பேனாவுக்குக் காப்புரிமை பெற்றது 1884-இல். நம் ஊர் அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் பேனா பரவலானது அதற்கு வெகுநாள் கழித்து, 20-ஆம் நூற்றாண்டில்.

இதற்கிடையில் மைப்புட்டிக்குள் வேறொன்று நடந்தது. 1856-இல் பெர்கின் நிலக்கரித் தாரிலிருந்து செயற்கைச் சாயம் எடுத்துக்காட்டிய பிறகு, அந்த வகை நீலங்கள் மலிவாகக் கிடைக்கத் தொடங்கின. 1890-இல் ஷ்லுட்டிக், நாய்மான் என்ற இரு ஜெர்மானியர்கள் இரும்பு மைக்கு ஓர் அளவுகோல் வகுத்தார்கள். ஒரு லிட்டருக்கு 23.4 கிராம் டானிக் அமிலம், 7.7 கிராம் காலிக் அமிலம், 30 கிராம் இரும்பு சல்பேட். அதில் நிறம் காட்டச் சேர்த்தது தார்ச் சாயம், அவுரி அல்ல. 1897-இல் ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப். கம்பெனி செயற்கை அவுரியையே சந்தைக்குக் கொண்டுவந்தது. கார்ஸ்டினுக்கும் பிரான்சிசுக்கும் நடுவில் விழுந்த இடி இதுதான்.

பிசினுக்கும் இதே கதி. தொட்டு எழுதும் கட்டைப் பேனாவுக்குப் பிசின் நல்லது. ஊற்றுப் பேனாவிலோ அது நிப்புக்கு மை கொண்டுவரும் நாக்கின் மெல்லிய கால்வாய்களை அடைத்துவிடும். அதனால் ஊற்றுப் பேனா மைகளில் பிசினைக் குறைத்தார்கள், அல்லது விட்டுவிட்டார்கள்.

ஆகவே, ஊற்றுப் பேனா நம் ஊர்களில் பரவிய காலத்தில் அவுரியும் பிசினும் மைப்புட்டியை விட்டுப் போய்க்கொண்டிருந்தன. கடலூர் நீலம் ஓடியது கட்டைப் பேனாவில், பர்மிங்ஹாமில் செய்து கப்பலில் வந்த எஃகு நிப்புகளில். தங்க நிப்புக்காரர்களான நாங்கள் கொஞ்சம் தாமதமாக வந்தவர்கள்.

மிஞ்சிய சாட்சி: கடுக்காய்

நீலத்தை விட்டுக் கருப்பின் பக்கம் வந்தால் இன்னொரு வழி திறக்கிறது. ஐரோப்பிய மைக்காரர்கள் துவர்ப்புக்கு நம்பியது கருவாலி மரத்து மாசிக்காயை. பூச்சி துளைத்ததால் மரத்தில் உண்டாகும் புடைப்பு அது. சிரியாவின் அலெப்போவிலிருந்து வந்த மாசிக்காய்க்கு நல்ல பெயர்.

நம் மலைகளில் அதற்கு ஈடான சரக்கு உண்டு என்று முன்பே எழுதி வைத்தவர் வில்லியம் ராக்ஸ்பர்க். 1795 முதல் 1819 வரை மூன்று தொகுதிகளாக வந்த சோழமண்டலக் கரைத் தாவரங்கள் பற்றிய அவர் நூலில் கடுக்காய் மரத்தைப் பற்றிய பகுதி இருக்கிறது. அந்த மரத்தின் இளம் இலைகளைப் பூச்சி துளைப்பதால் உள்ளீடற்ற புடைப்புகள் உண்டாகின்றன, அவை மை செய்வதற்கு மாசிக்காய்க்குக் குறைந்தவை அல்ல என்கிறார். இந்தக் கரையில் சீட்டித் துணிக்குச் சித்திரம் தீட்டியவர்கள் தங்கள் நிலையான மஞ்சளை அதிலிருந்துதான் எடுத்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்கிறார்.

அந்தப் புடைப்பு நாட்டு மருந்துக் கடையில் கடுக்காய்ப்பூ என்ற பெயரில் இன்றும் கிடைக்கிறது. அன்னபேதியும் அதே கடையில் உண்டு. கடுக்காய்ப்பூவை இடித்து ஊறவைத்து, வடிகட்டிய சாற்றில் அன்னபேதியைக் கரைத்தேன். கட்டைப் பேனாவில் தொட்டு எழுதினால் முதலில் மங்கலான சாம்பல் நிறம். மறுநாள் பார்த்தால் அச்சடித்தது போன்ற கருப்பு. தண்ணீர் தெளித்தும் கலையவில்லை. ராக்ஸ்பர்க் சொன்னது சரி.

இதில் வேதியியல் புதிதாக ஒன்றுமில்லை. கலம்காரித் துணியைக் கடுக்காய்ச் சாற்றில் தோய்த்துக் காயவைத்து, வெல்லத்தோடு புளிக்கவைத்த இரும்பு நீரால் கோடு இழுத்தால் கோடு கறுக்கிறது. கடுக்காயும் இரும்பும் துணியில் சந்தித்தால் சித்திரம், தாளில் சந்தித்தால் எழுத்து. சீட்டித் துணி ஏற்றுமதியான இந்தக் கரைக்குக் கருப்பு மையின் ரகசியத்தை வெளியூர்க்காரர் வந்து சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. பழைய தென்னாற்காட்டின் மேற்கு எல்லையில் இருந்த கல்வராயன் மலையில் இன்றும் கடுக்காய் பொறுக்குகிறார்கள்.

ஆனால் புட்டியில் அடைத்து, லேபிள் ஒட்டி விற்ற மை வெகுகாலம் கப்பலில்தான் வந்தது. சுதேசி இயக்கம் அதை மாற்ற முயன்றது. 1931-இல் பம்பாயில் தண்டேகர் குதிரை மார்க் மைப்பொடியும் மாத்திரையும் செய்யத் தொடங்கினார். கேம்லின் பிறந்தது அப்படித்தான். 1932-இல் ராஜமுந்திரியில் ரத்னம் பேனா. 1934-இல் வங்காளத்தில் மைத்ரா சகோதரர்களின் சுலேகா மை. தமிழ்நாட்டில் சாத்தூர் வீட்டுக்கு வீடு நிப்பு செய்து நாட்டுக்கே அனுப்பியது. பால்பாயிண்ட் பேனா வந்து அந்தத் தொழிலைச் சாய்த்தது. இன்று நிப்பு மாற்றிக்கொள்கிறவர்களின் டப்பாவில் உருளும் எஃகு நிப்புகளில் சாத்தூர்ச் சரக்கும் கலந்திருக்கும்.

வீட்டு அலமாரியில் ஓர் ஆவணக் காப்பகம்

இந்த மையின் மிகப் பெரிய சேமிப்பு, நாம் நினைப்பதைவிட அருகில் இருக்கிறது. 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி, அசையாச் சொத்துப் பத்திரங்களைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் ஒன்றாம் புத்தகத்தில் நகலெடுத்து வைத்தார்கள். கையால் எழுதிய நகல்கள் அவை. மூலப் பத்திரங்கள் வீடுகளில் இருக்கின்றன. சிதம்பரத்திலும் மஞ்சக்குப்பத்திலும் நண்பர்கள் எடுத்துக் காட்டிய பழைய கிரயப் பத்திரங்களைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் வேறுபாடு கண்ணுக்கே தெரிகிறது. இரும்பு மையில் எழுதிய வரிகள் ஆழ்ந்த பழுப்பிலோ கருப்பிலோ நாருக்குள் இறங்கி நிற்கின்றன. சாய மையில் போட்ட கையெழுத்தும் ஊதா முத்திரையும் வெளுத்துவிட்டன.

எழுதியது இரும்பு மைதானா என்று சோதிக்க ஆவணப் பாதுகாப்பு வல்லுநர்கள் பாத்தோபெனாந்த்ரோலின் தோய்த்த காகிதப் பட்டையைப் பயன்படுத்துகிறார்கள். பட்டையைச் சற்றே ஈரமாக்கி எழுத்தின் மேல் ஒற்றினால், கூட்டுப்பொருளில் கட்டுப்படாமல் தளர்ந்த இரும்பு இருக்கும் இடத்தில் செந்நிறம் தோன்றும். தளர்ந்த இரும்பும் அமிலமும் மிகுந்த மை, காலப்போக்கில் தாளையே தின்றுவிடும். ஈரப்பதம் அதை விரைவுபடுத்தும். கடலோர ஊர்க்காரர்களுக்கு இந்த எச்சரிக்கை இரட்டிப்பாகப் பொருந்தும்.

பொழுதுபோக்காகப் பேனா வைத்திருப்பவர்களுக்கு இரண்டு சொல். கடுக்காய் மையை ஆசைப்பட்டு ஊற்றுப் பேனாவில் ஊற்றாதீர்கள்; அது அடைக்கும், அரிக்கும். கட்டைப் பேனாவுக்கு அது போதும். நீலக்கருப்பு எழுத்துதான் வேண்டுமென்றால், ஊற்றுப் பேனாவுக்கென்றே அமிலம் குறைத்துச் செய்த இரும்பு மைகள் பெலிக்கன், டயமைன், பிளாட்டினம் போன்ற பெயர்களில் இன்றும் கிடைக்கின்றன. ஊற்றினால் பேனாவை உலரவிடாமல் எழுதிக்கொண்டிருங்கள், அடிக்கடி கழுவுங்கள்.

பத்திரம் வைத்திருக்கும் எல்லோருக்கும் ஒரு வேண்டுகோள். பாதுகாப்பு என்று நினைத்து அவற்றை லேமினேட் செய்துவிடாதீர்கள். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பின்னால் பிரித்தெடுக்க முடியாது. உள்ளே அமிலம் தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். அமிலமில்லாத தாள் உறையில் போட்டு, காய்ந்த இடத்தில் தட்டையாக வையுங்கள். கூடவே பழைய மைப்புட்டியோ, லேபிளோ, மை வாங்கிய ரசீதோ அகப்பட்டால் குப்பையில் போடாதீர்கள். தென்னாற்காட்டில் எந்த மையால் எழுதினார்கள் என்ற வரலாறு இனி அந்தச் சில்லறைக் காகிதங்களிலிருந்துதான் எழுதப்பட வேண்டும்.